பிஷெந்தாவின் குதிகால்

பிஷெந்தாவின் காலுக்கடியில் கை வைக்காத பந்தாட்டக்காரன் ஒரு காலத்தில் ஸ்பெயின் எல்லையோரத்து எங்கள் அல்தபுருவில் கிடையாது. சுற்று வட்டாரத்திலும் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சிலிருந்துகூட சைக்கிள் மிதித்து வந்து அவள் வாசலில் கையை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இன்று அவளுக்கு எழுபத்தொரு வயது. எங்கள் ஊரில் நடந்த அந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஒருத்தனும் அவள் காலடிக்கு வந்ததில்லை. தெருவில் அவள் வந்தால் பாதிப் பேர் எதிர்ச்சாரிக்குப் போகிறார்கள், மீதிப் பேர் குனிந்து அவள் காலைப் பார்க்கிறார்கள். கோழைப் பயல்கள். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்கள் ஆட்டம் பெலோட்டா. மட்டை வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், கையில் கூடை கட்டி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வெறுங்கையால் ஆடுவதுதான் ஆட்டம், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. பந்து ஆட்டுத்தோல் போர்த்திய கல் மாதிரி இருக்கும். அதைத் தூரத்துச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை அதே உள்ளங்கையில் வாங்கி மறுபடி அடிக்க வேண்டும். நூறு அடியில் கை வீங்கும். இருநூறில் ரத்தம் விரல்களின் அடியில் கட்டிக்கொள்ளும். கல்குவாரியில் பாறை சுமக்கிற ஆம்பிளை சட்டையைக் கழற்ற முடியாமல் குழந்தை மாதிரி அழுவான். அதற்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்: கையைத் தரையில் மல்லாத்தி வைத்து, யாராவது அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். கட்டிய ரத்தம் கலைந்து பரவும், வீக்கம் அமுங்கும், அடுத்த ஆட்டத்துக்குக் கை மறுபடி கையாகும்.

முன்பெல்லாம் கோயில்மணி அடிக்கிறவர்தான் ஏறி நிற்பார். அந்த மனிதர் தொண்ணூறு கிலோ. இரண்டு பேருக்கு வைத்தியம் பார்த்து எலும்பையே முறித்துவிட்டார். பிஷெந்தாவுக்குக் கல்யாணமான புதிதில், புருஷன் பேல்யோ ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வீங்கிய கையோடு வீட்டுக்கு வந்தான். அவள் கசாப்புக் கூடத்தில் குடல் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். மறுநாள் காலையில் பேல்யோ ஊரெல்லாம் கையை விரித்துக் காட்டிக்கொண்டு திரிந்தான். அன்று தொடங்கியது. பேல்யோ மூன்று வருஷத்தில் குவாரியில் கல் சரிந்து செத்தான். இசஸ்குன் என்ற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, பகலில் குடல் கழுவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பிளைகளின் கையை மிதித்தும் பிஷெந்தா காலத்தை ஓட்டினாள்.

அறுபத்து நான்கு கிலோ. முப்பது வருஷம் ஒரு கிலோ ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வாள். முதலில் உப்புப் போட்ட வெந்நீரில் கை ஊற வேண்டும், பிறகு பலகைமேல். குதிகாலை விரல்களின் அடியில் வைத்து, மெல்ல மணிக்கட்டுப் பக்கம் உருட்டிக்கொண்டு போவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். யார் வந்தாலும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆடுகிறவன் எந்தக் கட்சி, எந்த தேசம் என்றெல்லாம் அவள் காலுக்குத் தெரியாது. ஒரு தடவை மெக்சிகோக்காரன் ஒருவன் வலி போன சந்தோஷத்தில் அவள் காலைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான். குடல் நாற்றம் அடிக்கவில்லையா தம்பி என்று கேட்டாளாம். ஆம்பிளைகள் எல்லாரும் தன் காலடியில் படுத்து அம்மாவைக் கூப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஆம்பிளை என்றால் அவளுக்கு மதிப்பும் இல்லை, பயமும் இல்லை.

அப்படிப்பட்டவளின் மகள் மெல்சோரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மெல்சோர் எங்கள் ஊர் பெற்ற பெரிய ஆட்டக்காரன். அவன் வலது கையை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்தக் கை ரொட்டி வெட்டாது, வாளி தூக்காது, கதவைக்கூட இழுத்துச் சாத்தாது. எல்லாம் இசஸ்குன் செய்ய வேண்டும். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் பாதிரியார் பூசை முடிந்து அந்தக் கைக்கென்று தனியாகத் தீர்த்தம் தெளிப்பார். நான் மதுக்கடை வைத்திருந்தேன், ஆட்டக்களத்துக்கு எதிரே. என் கடைக்கு மேல்மாடியில்தான் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மெல்சோர் குடித்த கோப்பையை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன், அவ்வளவு கிறுக்கு எனக்கு.

அந்தக் கை அடிக்கவும் செய்யும் என்பது முதலில் வெட்டவெளியில்தான் தெரிந்தது. ஒரு கார்னிவல் நாளில், சதுக்கத்தில் எல்லாரும் பார்க்க, யாரோடோ நடனம் ஆடினாள் என்று இசஸ்குனை ஒரு அறை விட்டான். பந்தை அடிக்கிற அதே வீச்சு. அவள் சுழன்று குழாயடிக் கல்லில் போய் விழுந்தாள். டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஓடி வந்தவர் நேராக மெல்சோரின் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். "கைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். இசஸ்குன் தானே எழுந்து பாவாடையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

செய்தி கேட்டு பிஷெந்தா கசாப்புக் கத்தியோடு வந்தாள். இசஸ்குன் கதவை மறித்துக்கொண்டு, குடித்திருந்தார் அம்மா, இனிமேல் இல்லை, நீ போ என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு மெல்சோர் மாமியார் வீட்டுக்குப் போய் முழங்காலிட்டு அழுதான், கையை நீட்டினான். பிஷெந்தா அதைத் திருப்பிப் பார்த்து, வீங்கியிருக்கா என்று கேட்டாள். பழக்கதோஷம். பிறகு ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து அதைச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்ட அதே கேள்வி என் வாயிலயும் வந்துச்சு, காசிமிரோ. பெத்தவ வாயில."

எனக்கு அவளைவிட அதிகம் தெரியும். என் தலைக்கு மேல்தானே நடந்தது. நாற்காலி விழும், பிறகு வேறு ஏதோ விழும், பிறகு சத்தமே இருக்காது. நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். ஆட்டக்காரன், பதற்றம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எழுதும்போது கூசுகிறது.

அந்த வருஷம் உலகப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. அர்ஜென்டினா, உருகுவே, கியூபா, மெக்சிகோ என்று பத்து நாள் என் கடையில் நிற்க இடமில்லை. வெறுங்கை ஒற்றையர் இறுதி ஆட்டத்துக்கு மெல்சோரும், எல்லைக்கு அந்தப் பக்கத்து கானிஷும் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தன் மேல் ஸ்பெயின் சட்டை, இன்னொருத்தன் மேல் பிரான்ஸ் சட்டை. இரண்டுக்குள்ளும் இருந்தது எல்லைக்கு இரண்டு பக்கமும் வாழும் எங்கள் பாஸ்க் இனத்து உடம்புதான், இரண்டும் எங்கள் பாஷையில்தான் திட்டிக்கொள்ளும். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும், நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மேலே சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கழுவிய கோப்பைகள்மேல் கொட்டியது. நான் அவற்றை மறுபடி கழுவினேன்.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு, வழக்கம்போல என் சமையலறையிலிருந்து உப்பு வெந்நீர் வாளியோடு களத்தின் உடை மாற்றும் அறைக்குப் போனேன். மெல்சோர், அவனுடைய பயிற்சியாளர் செலெஸ்தினோ, பிஷெந்தா, நான், நாலு பேர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மூவாயிரம் பேர் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இசஸ்குன் எங்கே என்று பிஷெந்தா கேட்டாள். காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்றான் மெல்சோர். முந்தின நாள் அரையிறுதியில் வீங்கியது அமுங்கவே இல்லை, கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள் அத்தை என்று கையை வெந்நீரில் விட்டான். ஊறிய பிறகு பலகைமேல் மல்லாத்தி வைத்தான். பிஷெந்தா ஏறி நின்றாள்.

நின்றவள் உடனே இறங்கிவிட்டாள். கை பலகையில் படியாமல் ஆடியது என்று பிறகு சொன்னாள். பந்து வீக்கம் உள்ளங்கையில்தான் வரும். அங்கே மெத்தென்றுதான் இருந்தது. பின்பக்கம் கல் மாதிரி உருண்டிருந்ததால் கை தரையில் உட்காரவில்லை. குனிந்து கையைப் புரட்டினாள். விரல் முட்டிகள் நாலும் கறுத்து வீங்கியிருந்தன. நடுமுட்டியில் இரண்டு சின்ன வெட்டு, பக்கத்துப் பக்கத்தில்.

"எதை அடிச்சே?"

"சுவத்தை. பயிற்சியில கை தவறிடுச்சு, அத்தை."

"சுவத்துக்குப் பல்லு உண்டா, மாப்ளே?"

அவன் கையை இழுக்கப் பார்த்தான். அதற்குள் அவள் மறுபடி ஏறிவிட்டாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குதிகால் முட்டிகளைப் பலகையோடு வைத்து நசுக்கியது. மெல்சோர் இடுப்புத் துணியைக் கடித்துக்கொண்டு உறுமினான். செலெஸ்தினோவுக்கு இன்னும் விளங்கவில்லை. பொறுத்துக்கடா, பொறுத்துக்க, நல்லதுக்குத்தான் என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"என் பொண்ணு எங்கே?"

"வீட்லதான். பூட்டியிருக்கேன். விடுங்க."

"உயிரோட இருக்காளா?"

அவன் கண் கொக்கியில் தொங்கிய தன் கால்சட்டைக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"காலையில முனகிட்டுத்தான் இருந்தா. ஆட்டம் பாக்க வரமாட்டேன்னா அத்தை. இந்தக் கை ஜெயிக்கறதை என் கண்ணால பாக்க மாட்டேன்னு சொன்னா. ஃபைனலுக்கு முந்தின நாள் ஒரு ஆட்டக்காரன்கிட்ட சொல்ற பேச்சா அது?"

அந்தக் கால்சட்டையைக் காட்டி, சாவியை எடு காசிமிரோ என்றாள் பிஷெந்தா. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செலெஸ்தினோ போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை, ஞானஸ்நானத்தில் என் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். அழாத குறையாகத்தான் கேட்டார்.

"ஒரு மணி நேரம் பிஷெந்தா. இருபத்திரண்டு பாயிண்ட். முடிஞ்ச உடனே நானே டாக்டரைக் கூட்டிட்டு வரேன். ராத்திரி பூரா தாங்கினவ, ஒரு மணி நேரம் தாங்க மாட்டாளா?"

அவள் அவர் பக்கம் திரும்பிய நொடியில் மெல்சோர் இடது கையால் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். நெற்றி பெஞ்சின் முனையில் மோதியது. சத்தம் கேட்டு எனக்குப் பல் கூசியது. கிழவி, உன் வேலை மிதிக்கிறது, அதோட நிறுத்திக்கோ என்று சொல்லிக்கொண்டே அவன் எழப் பார்த்தான். எழுவதற்கு வலது கையைத் தரையில் ஊன்றினான். ஊர் முழுக்க ஆறு வருஷமாக ஊன்றாதே ஊன்றாதே என்று சொன்ன அதே கையை.

பிஷெந்தா எழுந்தாள். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின. அறுபத்து நான்கு கிலோவும் இரண்டு குதிகாலில் அந்த விரல்கள்மேல் இறங்கியது. கசாப்புக் கூடத்தில் விலா எலும்பைப் பிளக்கிறபோது வருகிற சத்தம்தான் வந்தது. மெல்சோர் அம்மா என்றான். எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னான். இரண்டாவது தடவை தேவையில்லை. ஆனாலும் குதித்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் போகக்கூடாத பக்கம் திரும்பிக்கொண்டு நின்றன.

செலெஸ்தினோ தண்ணீர் பாட்டிலால் அவள் தோளில் ஓங்கி அடித்தார். கண்ணாடி சிதறியது. அவள் காலுக்கடியில் கிடந்த பலகையை எடுத்து அவர் முழங்காலில் போட்டாள். அவர் சரிந்து உட்கார்ந்தார். அவள் கால்சட்டையை உதறி சாவியை எடுத்தாள். நெற்றி பிளந்து, தோளில் கண்ணாடி குத்தி, ஒரு பொம்பளை என் எதிரில் நிற்கிறாள். நான் வாளியைக் கீழே வைத்தேன், ஓடினேன், மெல்சோர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

பிஷெந்தா என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், துப்பியிருக்கலாம். மேல வந்து அந்தப் பூட்டுக்கு எப்படிச் சாவி போடணும்னு காட்டு, உன் வீட்டுப் பூட்டுதானே என்றாள். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது.

அந்த அறைக்கு ஒரே வழிதான், களத்துக்குள். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். காலுறையில் இருந்த ரத்தம் சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடம் வைத்தது. மூவாயிரம் பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். டாக்டர் எதிரே ஓடி வந்தார். இந்தப் பக்கம் டாக்டர், என் பொண்ணு என்று அவள் கையை நீட்டினாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் ஓடினார். உள்ளே செலெஸ்தினோ ஏதோ கத்த, கூட்டத்துக்கு விஷயம் எட்டியது. முதலில் சீழ்க்கை, பிறகு ஆரஞ்சு, பிறகு நாணயங்கள் வந்து விழுந்தன. இருக்கைப் பலகை ஒன்று என் முதுகில் பட்டது. கை போச்சா, மெல்சோரோட கை போச்சா என்று ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கும் பெண்பிள்ளைகள் உண்டு, மூன்று.

ஆட்டம் நடக்கவில்லை. ஆடாமலே, ஜெயித்தவனுக்கு வைக்கிற சாம்பியன் தொப்பி கானிஷின் தலைக்குப் போனது. பிஷெந்தா எட்டு மாதம் சிறையில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் கதவில் பன்றிக்கால் ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார்கள். அதை அவள் கழற்றி, கழுவி, பீன்ஸோடு போட்டுச் சமைத்துவிட்டாள். மெல்சோரின் இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. அவனைப் பார்த்து இன்றைக்கும் ஐயோ பாவம் என்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. மேல்மாடியில் நடந்தது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

என் வீட்டுப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், சாவியைத் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். அதனால் நான்தான் திறந்தேன். சமையலறையில் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் இசஸ்குன் கிடந்தாள். மேசை விரிப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். அது பாதி சிவப்பாகிக் காய்ந்திருந்தது. ஒரு கண் முழுசாக மூடிவிட்டது. மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. மூச்சு விடும்போது விலாவில் ஏதோ கரகரத்தது, ஆனால் மூச்சு இருந்தது. பிஷெந்தா தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே களத்தின் கூச்சல் கேட்டது.

இசஸ்குன் அதைக் கேட்டுத் திறந்திருந்த கண்ணைத் திருப்பினாள்.

"ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சாம்மா?" என்றாள். பல் போன இடத்தில் காற்றுப் போய் வார்த்தை குழறியது. "அவர் கை எப்படியிருக்கு? நேத்து என் பல்லு பட்டுடுச்சு."

பிஷெந்தாவை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். பேல்யோவைக் கல்லுக்கடியிலிருந்து எடுத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. சத்தமே வராமல், வாயைத் திறந்துகொண்டு, உடம்பு முழுக்கக் குலுங்கி அழுதாள். நெற்றி ரத்தம் மகளின் தலைமுடியில் சொட்டியது. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல உன் கையைக் காட்டு," என்றாள்.

இசஸ்குனுக்குப் புரியவில்லை. அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. பிஷெந்தாவே விரிப்பை விலக்கி இடது கையை வெளியே எடுத்தாள். அடியைத் தடுத்துத் தடுத்து மணிக்கட்டு வரைக்கும் அது நீலம் பாரித்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. எத்தனையோ கையை மிதித்துச் சரிசெய்தவளுக்கு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு, சுட்டுக்கொண்ட குழந்தைக்கு ஊதுகிற மாதிரி ஊதினாள்.

நான் கீழே இறங்கிப் போய், மெல்சோருக்கென்று எடுத்து வைத்திருந்த ஐஸைக் கொண்டுவந்தேன்.